ரிப்பன் மாளிகையும் நம் தெருவும்

தல சுயாட்சிக்கு 1882ஆம் ஆண்டு வழிகோலியவர் ரிப்பன் பிரபு. அவர் பெயர் தாங்கிய மாளிகை 1913இல் திறக்கப்பெற்றுச் சென்னை மாநகராட்சியின் இருப்பிடமாயிற்று. நம்மவரான ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937இலும், என். சிவராஜ் 1945இலும் அம்மாநகராட்சியின் மேயர்களாக வீற்றிருந்தமை என்றும் நினைவுகூரத்தக்கது.

அத்தகைய மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. இல்லாத தொழிலாளர் பெயர்களை வருகைப் பட்டியலில் எழுதிக் கூலி பெற்ற ‘மஸ்டர் ரோல்’ ஊழலே அதற்குக் காரணம். ஏழைத் தொழிலாளியின் பெயரேடு பொய்யேடாயிற்று. குற்றம் புரிந்தோர் சிலர். தண்டனை பெற்றோரோ வாக்காளர் அனைவரும். 1996 வரை 23 ஆண்டுகள் மாநகராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் முறையிட மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் இலர். செல்வாக்குடையோர் அதிகாரியை நேரிற் கண்டனர். குப்பத்து மக்கள் எவரைக் காண்பர்?

2016 முதல் 2022 வரை தேர்தல் தள்ளிப்போனமையால் மன்றம் மீண்டும் வெறுமையாயிற்று. 2022 மார்ச்சில் நம் சமூகப் பெண்ணொருவர், ஆர். பிரியா, மேயரானார். இது பெருமையே. எனினும் பதவி மட்டும் நேர்மையைக் காவாது. மக்களின் விழிப்பே காக்கும்.

ஆதலின் வாக்களிப்பதோடு நம் கடமை முடிவதில்லை. பகுதிச் சபைக் கூட்டங்களுக்குச் செல்வதும், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி வார்டுப் பணிகளின் கணக்கைக் கேட்பதும் கற்ற இளைஞர்தம் கடன். கணக்கேட்டைப் படித்துக் கேள்வி கேட்பார் தெருவுக்கு ஒருவர் இருப்பின், அதிற் பொய்ப்பெயர் ஏறுதல் அரிதாகும். நாம் கல்வி புகட்டுவதன் பயன்களுள் இதுவும் ஒன்று.