கல்யாணக் கேக்கும் அதைச் செய்த கைகளும்



போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் மூன்று தட்டுக் கேக். வெள்ளை வெளேரென்று, ஓரமெல்லாம் சீனியில் செய்த மல்லிகைப் பூ. பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தியைச் சேர்த்துப் பிடித்து வெட்டினார்கள். நாங்கள் கை தட்டினோம். பிறகு எல்லோரும் பந்திக்கு ஓடினோம்.

கை கழுவப் போன இடத்தில் ஒரு வாக்குவாதம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேக் செய்த பெண்ணிடம், "மூணு தட்டுல ரெண்டு வெறும் தெர்மாகோல். திங்கிறதுக்கு இருக்கது ஒண்ணு. ஒண்ணுக்கு என்ன காசோ அத வாங்கிட்டுப் போம்மா" என்கிறார். இரண்டு தட்டு தெர்மாகோல் என்று பேசித்தான் விலை முடித்திருக்கிறார்கள். இப்போது மீதிப் பணம் கொடுக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு.

அந்தப் பெண் என் பழைய மாணவி. என்னைப் பார்த்ததும், "சார், தெர்மாகோல் மேல பூ வச்சதும் இந்தக் கைதான? மூணு ராத்திரி முழிச்சிருக்கேன். மாவு வெலயக் கணக்குப் போடுறாங்க. ராத்திரிய யாரு கணக்குப் போடுறா?" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் அவள் அப்பா என்னிடம் யோசனை கேட்டு வந்தார். பி.காம். முடித்த பெண் கேக் செய்யும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறாளே என்று. "அடுப்படி வேலைக்கா இவ்வளவு படிப்பு? வங்கித் தேர்வு எழுதச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். 34 வருஷம் வரலாறு நடத்தியவன். 1789இல் பாரிஸில் ரொட்டி விலை ஏறியதைப் பக்கம் பக்கமாக நடத்தியிருக்கிறேன். ரொட்டி சுட்டவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. கல்யாணக் கேக்கின் கதையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரோமில் மேட்டுக்குடித் திருமணம் ஒன்றில் மணமக்கள் சேர்ந்து ஒரு தானிய அப்பத்தைப் பலியாகப் படைப்பார்கள். அந்த அப்பத்தின் பெயரே அந்தத் திருமண முறைக்கும் பெயர். அதிலிருந்துதான் கல்யாணக் கேக் தொடங்கியது என்று எழுதுவார்கள். ஆனால் நாம் இன்று மேடையில் பார்க்கும் கேக்கின் நேரான தாய்வீடு இங்கிலாந்து. அங்கே அதை எழுத்தில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ராணி அல்ல, பிரபு வீட்டுச் சீமாட்டியும் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு பெண்.

அவர் பெயர் எலிசபெத் ராஃபால்ட். 1733இல் டான்காஸ்டரில் பிறந்தவர். செஷயரில் ஆர்லி ஹால் என்ற பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாகியாக இருந்தார். அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜான் ராஃபால்டை 1763இல் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் மான்செஸ்டருக்கு வந்தார்கள். எலிசபெத் கடை போட்டார். இனிப்புகள், கேக்குகள், விருந்துக்கான தயார் உணவுகள் விற்றார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வீட்டு வேலைக்கு ஆள் தேடுபவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்து வைக்கும் அலுவலகம் ஒன்றும் நடத்தினார். 1772இல் மான்செஸ்டரின் முதல் வணிகக் கையேட்டை, யார் யார் என்ன தொழில், எந்தத் தெரு என்று தொகுத்து வெளியிட்டவரும் அவர்தான். இத்தனைக்கும் நடுவில் பிள்ளை மேல் பிள்ளை. எல்லாம் பெண் பிள்ளைகள்.

1769இல் அவர் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். முன்பணம் கட்டியவர்களுக்கென்று 800 பிரதி அச்சானது. அதில் 'மணமகள் கேக்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. மாவு 4 ராத்தல், வெண்ணெய் 4 ராத்தல், சீனி 2 ராத்தல். ராத்தலுக்கு 8 முட்டை வீதம் 32 முட்டை. உலர்திராட்சை 4 ராத்தல். பாதாம், சீனிப்பாகில் ஊறிய நார்த்தை, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்கள், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, பிராந்தி. ஒரு ராத்தல் என்பது நம் கணக்கில் சுமார் 450 கிராம். இயந்திரம் ஏதும் இல்லாத காலம். வெண்ணெயைக் கையால் குழைக்க வேண்டும். சீனி சேர்த்துக் கால் மணி நேரம் அடிக்க வேண்டும். மஞ்சள் கருவைத் தனியாக அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அடிக்க வேண்டும். நேரத்தைக் குறித்துத்தான் எழுதியிருக்கிறார். செய்து களைத்தவருக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

கேக் வெந்ததும் பன்னீர் விட்டு அரைத்த பாதாமைப் பூச வேண்டும். அதன்மேல் வெள்ளைச் சீனிப் பூச்சு. இந்த இரட்டைப் பூச்சைத் தெளிவாகச் சொன்ன பழைய குறிப்பு இதுதான் என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். பாதாம் வெறும் ருசிக்கு மட்டும் அல்ல. கேக்கில் உள்ள நெய்ப்பசையும் பழச்சாறும் மேலே கசிந்து வெள்ளையைக் கறைப்படுத்தாமல் நடுவில் தடுத்து நிற்கும். சுவருக்கு வெள்ளையடிக்கும் முன் அடிப்பூச்சு பூசுகிறோம் அல்லவா, அதுபோல.

நான்கு ஆண்டு கழித்து, 1773இல், புத்தகத்தின் உரிமையை 1,400 பவுனுக்கு விற்றார். அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய தொகை. ஆனால் அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி, கல்யாணமான பெண் சம்பாதித்தால் அது கணவனின் சொத்து. ஜான் ராஃபால்ட் பெரும் குடிகாரர் என்கிறார்கள். 1781 ஏப்ரலில் எலிசபெத் திடீரென்று இறந்து போனார். ஒரே வாரத்தில் கடன்காரர்கள் கணவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நடத்தி வந்த காபிக் கடை கைவிட்டுப் போனது. அந்தக் குடும்பத்தை அதுவரை தாங்கி நின்ற கை யாருடையது என்பதற்கு அந்த ஒரு வாரமே சாட்சி.

இனி வெள்ளை நிறத்துக்கு வருவோம். கேக் வெள்ளையாக இருப்பது தூய்மைக்கு அடையாளம் என்று இன்று சொல்கிறோம். முதலில் அது பணத்துக்கு அடையாளம். நன்றாகச் சுத்திகரித்த சீனிதான் அவ்வளவு வெளுப்பாக இருக்கும். அதன் விலை அதிகம். எலிசபெத் ராஃபால்ட் பூசிய சீனி, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பிலிருந்து வந்த காலம் அது. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அந்த இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பல் ஏற்றினார்கள். மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், பிறகு பிஜிக்கும் போனவர்களில் நம் ஜனம் நிறைய. பாரதி கண்ணீர் விட்டுப் பாடியது அந்தப் பிஜித் தோட்டத்துப் பெண்களைத்தான். லண்டன் சந்தைக்குப் போன சீனியில் மொரீஷியஸ் சீனியும் கலந்திருந்தது. கல்யாணக் கேக்குக்கும் நமக்கும் உள்ள முதல் உறவு, அதைத் தின்ற உறவு அல்ல.

1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணிக்குக் கல்யாணம். அவருடைய கேக் ஏறக்குறைய 300 ராத்தல், அதாவது 136 கிலோ. சுற்றளவு 9 அடி, உயரம் 14 அங்குலம். மேலே பிரிட்டானியா தேவி மணமக்களை ஆசீர்வதிக்கும் சீனிச் சிலை, காலடியில் விசுவாசத்தைக் குறிக்கும் நாய். அந்தக் கேக்கின் துண்டு ஒன்று 2016இல் லண்டனில் 1,500 பவுனுக்கு ஏலம் போயிருக்கிறது. 176 வருஷத்துத் துண்டு! ஏலத்தில் எடுத்தவர் மாவுக்கா விலை கொடுத்தார்?

இப்போது அந்தப் பெரியவரின் தெர்மாகோல் கேள்விக்கு வருகிறேன். 1858இல் விக்டோரியாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். அந்த அடுக்குக் கேக்கில் மேல் அடுக்குகள் கேக்கே அல்ல, சீனி வேலைப்பாடு. 1882இல் அவர் மகன் லியோபோல்டின் கல்யாணத்தில்தான் எல்லா அடுக்கும் தின்னக்கூடிய கேக்காக வந்தது என்கிறார்கள். முட்டை வெள்ளையும் சீனியும் சேர்ந்த பூச்சு காய்ந்தால் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகும். அதை இறுகவைத்துத் தூண் நிறுத்தி, கனமான பழக்கேக்கை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். அதற்குள் பிரிட்டனில் சீனிக்கான வரியும் 1874இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பாவின் பீட்ரூட் வகைச் சீனியும் மலிவாக வந்து குவிந்தது. அரண்மனைக் கேக் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. கேக் செய்வது ஊர் ஊராகப் பிழைப்புத் தொழில் ஆனது. அதே 1882இல்தான் கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியமும் சொத்தும் அவளுக்கே என்று இங்கிலாந்தில் முழுமையான சட்டம் வந்தது. எலிசபெத் ராஃபால்ட் இறந்து 101 வருஷம் கழித்து.

இரண்டாம் உலகப் போர் வந்தது. சீனிக்கு ரேஷன். 1940 ஆகஸ்டில் கேக்கின் மேல் சீனிப் பூச்சு பூசுவதையே அரசு தடை செய்தது. கல்யாணம் நிற்குமா? கேக்காரர்கள் அட்டையில் அடுக்கடுக்காகக் கூடு செய்து, வெள்ளைச் சாந்து பூசி, பூ வைத்து வாடகைக்கு விட்டார்கள். கூட்டைத் தூக்கினால் உள்ளே சின்னதாக ஒரு கேக் இருக்கும். போட்டோ எடுத்து முடிந்ததும் கூடு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். போர் முடிந்து 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம் நடந்தபோதும் ரேஷன் தீரவில்லை. 9 அடி உயரம், நான்கு அடுக்கு, 500 ராத்தல் கேக்குக்கு ஆஸ்திரேலியச் சாரணச் சிறுமிகள் பொருள் அனுப்பி உதவினார்கள்.

யோசித்துப் பாருங்கள். 1858இல் மேல் அடுக்கு சீனி. 1940இல் அட்டை. இன்று தெர்மாகோல். கேக் இல்லாத கேக்குக்கும் ஜனங்கள் காசு கொடுத்தே வந்திருக்கிறார்கள். அவர்கள் வாங்கியது அந்தக் கையின் வேலையை. தெர்மாகோல் மேல் ஒட்டும் பூவுக்கும் கேக் மேல் ஒட்டும் பூவுக்கும் இதழ் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான்.

பக்கத்து இலங்கையில் கல்யாணத்துக்கு 'ரிச் கேக்' செய்வார்கள். ரவை, முந்திரி, பூசணிப் பாகு, பன்னீர், வாசனைச் சரக்கு எல்லாம் போட்டு, துண்டு துண்டாக வெட்டிக் காகிதத்தில் மடித்து, சின்னப் பெட்டியில் வைத்து விருந்தினருக்குக் கொடுப்பார்கள். மடிக்கும் வேலைக்கே வீடு நிறையப் பெண்கள் உட்கார வேண்டும். அதற்கும் யாரும் கணக்கு எழுதியதில்லை.

நேற்று என் மாணவிக்குப் போன் செய்தேன். மீதிப் பணம் வந்ததா என்று கேட்டேன். பாதி வந்ததாம். வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டேன். பூ இதழை ஒவ்வொன்றாக உருட்டிக் காயவைக்க இரண்டு நாள். நம் ஊர் ஈரக்காற்றில் சீனிப் பூச்சு வியர்த்துவிடும், மின்சாரம் போனால் அத்தனையும் பாழ். தட்டுகளைத் தனித்தனியாகக் காரில் வைத்து, வேகத்தடை கண்ட இடமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், மண்டபத்தில்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கை நடுங்கினால் மூன்று ராத்திரியும் போச்சு.

கடைசியில், "அன்னைக்கு உங்க அப்பாகிட்ட நான் சொன்னது தப்பும்மா" என்றேன்.

"தெரியும் சார். அப்பா சொன்னாங்க. அதுக்கப்புறம் வங்கித் தேர்வும் எழுதினேன், பாஸாகல" என்று சிரித்தாள்.

அந்தப் பெரியவரின் வீட்டுக்கு நாளை நான் போகிறேன். எனக்கும் அவரைத் தெரியும். கை கழுவும் இடத்தில் திறக்காத வாயை அவர் வீட்டுத் திண்ணையிலாவது திறக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால் ஒரு வேண்டுகோள். பேரம் பேசுவதானால் கேக் சொல்லும்போதே பேசிவிடுங்கள். கேக் வெட்டிய பிறகு பேசாதீர்கள். உங்கள் ஊரில் இந்தத் தொழில் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்கள், அக்காக்கள் யாராவது இருந்தால் அவர்கள் கதையை எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.