நார்வேயின் கறவைமாட்டு நல அட்டை

கறவைமாடுகளுக்கு வரும் நோய்களையும் சிகிச்சைகளையும் நாடு முழுவதும் ஒரே முறையில் குறித்து, அந்தக் குறிப்புகளைக் கொண்டே பொலிகாளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில் நார்வே முன்னோடி நாடு. 1975-இல் அங்கே ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு நல அட்டை நடைமுறைக்கு வந்தது.

பாலை அளந்து எழுதும் வழக்கம் ஐரோப்பாவில் அதைவிடப் பழையது. டென்மார்க்கின் வையென் ஊரில் 1895-இலேயே பாலளவுப் பதிவுச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. எழுதப்பட்டவை பாலும் கொழுப்பும் மட்டுமே. எந்தக் காளையின் மகள்கள் அதிகம் கறந்தனவோ அந்தக் காளையின் விந்தே பரவியது. மிகுந்த கறவையும் மடிநோய்க்கு ஆளாகும் இயல்பும் மரபில் ஓரளவு சேர்ந்தே வருகின்றன. அதனால் பாலை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்தபோது, யாரும் விரும்பாமலே மடிநோயும் தலைமுறைதோறும் வளர்ந்தது. கணக்கில் ஏறாத நோயைக் கண்டுகொள்ள வழியும் இல்லை.

அட்டை தொழுவத்திலேயே இருக்கும். சிகிச்சைக்கு வரும் கால்நடை மருத்துவர் பசுவின் எண், தேதி, நோயின் குறியீடு ஆகியவற்றை அதில் எழுதுவார். மடிநோய், பால் காய்ச்சல், கீட்டோசிஸ், நஞ்சுக்கொடி தங்குதல் என ஒவ்வொன்றுக்கும் நாடெங்கும் ஒரே குறியீடு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மருத்துவர் வழியாகவே தர முடியும் என்ற விதி இருந்ததால், பதிவுக்குத் தப்பும் சிகிச்சை குறைவு. இந்தக் குறிப்புகள் பாலளவு, சினை ஊசி, வம்சாவழி விவரங்களோடு ஒரே தொகுப்பில் இணைந்தன. மருத்துவக் குறிப்பு இனவிருத்திக்கும் பயன்பட்டது இந்த இணைப்பால்தான்.

1935-இல் தொடங்கிய நார்வே சிவப்பு மாட்டின இனவிருத்தி அமைப்பு, 1978-இல் காளைகளின் மதிப்பெண்ணில் மடிநோயையும் சேர்த்தது. துணிச்சலான முடிவு இது. மடிநோய் வருவதில் பசுவுக்குப் பசு உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு நூற்றில் மூன்று அளவுதான். மற்றதெல்லாம் படுக்கை, கறவைச் சுத்தம், தீவனம், தற்செயல். இவ்வளவு மெல்லிய பண்பைத் தேர்வால் திருத்த முடியாது என்பது அக்காலத்தில் பலரின் எண்ணம். நார்வே எண்ணிக்கையால் விடை கண்டது. ஒரு மகளின் அட்டை காளையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. பல மந்தைகளில் வளரும் இருநூறு, முந்நூறு மகள்களின் அட்டைகள் சேர்ந்தால் தெளிவாகச் சொல்லும். ஆனால் அத்தனை மருத்துவர்களும் ஒரே நோயை ஒரே பெயரில் எழுதியிருக்க வேண்டும். முதல் ஈற்றுக்கு 15 நாள் முன்பிருந்து 120 நாள் பின்பு வரையிலான காலத்தை மட்டும் கணக்கில் கொண்டார்கள். மடிநோயின் பெரும்பகுதி கன்று ஈனும் சமயத்தை ஒட்டியே வருகிறது. பல பசுக்கள் மந்தையிலிருந்து கழிக்கப்படுவதற்கு முன்பே காளைக்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

பின்னர் நடந்த ஒரு தேர்வுச் சோதனை இந்த வழியை உறுதிசெய்தது. ஒரு கால்வழியைப் பாலின் புரதத்துக்காகவும் மற்றொன்றை மடிநோய் குறைவுக்காகவும் வளர்த்தபோது, இரண்டும் நோய் வீதத்தில் தெளிவாகப் பிரிந்தன. 1994-க்கும் 2007-க்கும் இடையில் நார்வேயில் மடிநோய் சிகிச்சைகள் பாதிக்கும் கீழே இறங்கின. அதன் பெருமை முழுவதையும் இனவிருத்திக்குத் தருவது நியாயமாகாது. மருந்துக் கட்டுப்பாடும், கறவை இயந்திரப் பராமரிப்பும், அதே அட்டைகளை வைத்து ஒவ்வொரு பண்ணைக்கும் தந்த ஆலோசனையும் சேர்ந்தே அந்தப் பலனைத் தந்தன.

அட்டை காட்டுவது சிகிச்சையை, நோயை அன்று. இலேசான மடிவீக்கத்துக்கு ஒரு பண்ணையாளர் உடனே மருத்துவரை அழைப்பார், இன்னொருவர் பொறுத்திருப்பார். ஆகவே மரபுக் கணிப்பில் ஒரு பசுவை அதே மந்தையின், அதே ஆண்டின் பசுக்களோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள்.

பின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் ஆகியவையும் 1980-களிலும் 1990-களிலும் இதே வழியில் வந்தன. அமெரிக்காவில் பதிவு பண்ணையாளர் கையில் இருந்தது. ஒரே நோய்க்குப் பண்ணைக்கொரு சுருக்கெழுத்து வழங்கியது. 1994 முதல் அங்கே மடிநோய்க்குப் பதிலீடாகப் பாலில் உள்ள உடற்செல் எண்ணிக்கையே காளை மதிப்பீட்டில் சேர்ந்தது. பண்ணைக் கணினிகளின் குறிப்புகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு, 2018 ஏப்ரலில் ஹோல்ஸ்டீன் இனத்துக்கு ஆறு நோய்களுக்கான தேசிய மரபு மதிப்பீடு வெளியானது: மடிநோய், கருப்பை அழற்சி, நஞ்சுக்கொடி தங்குதல், கீட்டோசிஸ், பால் காய்ச்சல், நான்காம் இரைப்பை இடம்பெயர்தல்.