தோட்டச் சாலைக்கு ஏற்ற அப்சோர்பர்: மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

கேமரன் மலையில் போ நிறுவனம் 1929-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குள் செல்லும் சாலைகள் பெரும்பாலும் ஒரு வண்டி போகும் அகலமே உள்ளவை. திடீர் வளைவு, மழையில் அரித்த ஓரம், லாரிச் சக்கரம் தோண்டிய குழி எல்லாம் அங்கு உண்டு. ஹபுவிலோ சுங்கை பாலாசிலோ 'காப்சாய்' மோட்டார்தான் பலருக்கும் வேலைக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதற்கும் உதவுகிறது. ஈரமான வளைவில் குழியில் இறங்கிய சக்கரம் தரையை விட்டு எழும்பினால், அந்த நொடியில் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. சக்கரத்தைத் தரையோடு வைத்திருப்பதே அப்சோர்பரின் முதல் வேலை. சொகுசு அதற்குப் பிறகுதான்.

அப்சோர்பரில் சுருள் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், சுருள் துள்ளுவதை அடக்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சுருள். இருக்கையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு முறை எழுந்து நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் அதன் காலம் முடிந்தது. ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற மோட்டார்களில் பின்னால் உள்ள இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, மற்றது பழையது என்றால் வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சக்கர பேரிங்கோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ தேய்ந்திருந்தால், விலை உயர்ந்த அப்சோர்பரும் அதைச் சரிசெய்யாது.

புதியதை வாங்கும்போது அதிகம் ஏமாறுவது 'ஸ்போர்ட்' என்ற பெயரில்தான். பந்தயத் தடத்துக்கான கடினமான சுருள், குழிகள் நிறைந்த சாலையில் சக்கரத்தைத் துள்ள வைக்கும். தேவையான அளவை வீட்டிலேயே கணக்கிடலாம். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து இருக்கைக்கு அருகே ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு வழக்கமாக ஏறுபவர்களோடும் சாமானோடும் அதே அளவை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் ஏறி இறங்கும் மொத்தத் தூரத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருப்பது நல்லது. மொத்தம் 80 மில்லிமீட்டர் என்றால் 20 முதல் 27 வரை. அதைவிட அதிகமாக அமிழ்ந்தால் அடியிலுள்ள வளையத்தைத் திருகி ஏற்றலாம். ஆனால் வளையம் சுருளைக் கடினமாக்குவதில்லை, வண்டி நிற்கும் உயரத்தையே மாற்றுகிறது. கடைசிப் படி வரை ஏற்றியும் அமிழ்ந்தால் வேறு சுருள்தான் தேவை.

பார்வைக்கு அழகு என்று குட்டையான அப்சோர்பர் போடுவது இளையோரிடம் பரவலாக உள்ளது. பின்னால் ஆள் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசும், வளைவில் சாயும்போது ஸ்டாண்ட் தரையில் இடிக்கும். மலைச் சாலையில் இது வேண்டாத விஷப்பரீட்சை.

ரிங்லெட்டிலிருந்து தாப்பா நோக்கி இறங்கும்போது பிரேக் பிடித்ததும் எடை முழுவதும் முன்னால் வந்து ஃபோர்க் அமிழ்கிறது. முன்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் குறைந்த செலவில் பெரிய மாற்றம் தருவது அதுதான். பழைய எண்ணெயை வடித்து, சீல் கசிந்தால் அதையும் மாற்றி, கையேட்டில் சொன்ன அளவில் புதிய எண்ணெயை இரண்டு கால்களிலும் சமமாக ஊற்ற வேண்டும். அப்படியும் அதிகமாக அமிழ்ந்தால் 10 எண் எண்ணெய்க்குப் பதில் 15 எண் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் கெட்டியானால் சிறு மேடுகளில் ஃபோர்க் அசையாமல் கையில்தான் அடிக்கும்.

யமாஹா ஒய்15இசட்ஆர் போன்றவற்றில் பின்னால் ஒற்றை அப்சோர்பர். அதில் வாயு அடைத்த வகையைப் பழக்கமில்லாதவர் பிரிக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் அதிகம். பொருந்தாத அப்சோர்பரை மாட்டுவதற்காகச் சட்டத்தை வெட்டி வெல்டிங் செய்வதும் கூடாது. அது சட்டத்தின் வலுவைக் குறைக்கும், சாலைப் போக்குவரத்து இலாகாவின் சோதனையிலும் சிக்கல் தரும்.

அப்சோர்பரின் நீளம் சற்று மாறினாலும் சங்கிலியின் தளர்வும் மாறும். ஆள் ஏறி அமர்ந்த நிலையில் அதைச் சரிபார்த்த பிறகே வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்க வேண்டும். முன்விளக்கின் கோணத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். பின்பக்கம் தாழ்ந்தால் ஒளி மேலே எழும்பி, பனிமூட்டத்தில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.