வாசிக்கப்படாத தகடு

கைகாட்டி மரங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இன்னொரு காட்சியும் நினைவிருக்கும். சிற்றூர் நிலையத்தில் நிற்காமல் செல்லும் வண்டியின் ஓட்டுநர், கையிலுள்ள பிரம்பு வளையத்தை நடைமேடையில் வீசிவிட்டு, அங்கு நிற்பவர் நீட்டும் வேறொரு வளையத்தைக் கையில் கோத்துக்கொள்வார். ஒற்றைத் தடத்தில் அடுத்த நிலையம்வரை செல்வதற்கான அனுமதி அவ்வளையத்தின் தோல்பைக்குள் இருந்தது. நம் பாதைகள் பலவற்றில் அது ஓர் உலோகப் பந்து. பிரிட்டனில் பெரும்பாலும் வட்டத் தகடு அல்லது கோல்.

அந்தத் தகட்டுக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1874 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்தின் நாரிச் நகரருகே, தோர்ப்பில், தந்திச் செய்தியில் நேர்ந்த பிழையால் இரு வண்டிகள் ஒரே தடத்தில் எதிரெதிரே மோதின. 25 பேருக்குக் குறையாமல் மாண்டனர். வாய்மொழியையும் தந்தித்தாளையும் நம்பலாகாது என்ற பாடத்திலிருந்து எட்வர்ட் டையர் ஒரு கருவியை உருவாக்கி, 1878இல் காப்புரிமை பெற்றார். அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒரு தகடு வெளிவந்துவிட்டால், அது ஏதேனும் ஒரு கருவிக்குள் திரும்பும்வரை இரண்டிலுமே மறுதகடு வெளிவராது. தகட்டில் அப்பகுதியின் இருமுனை நிலையங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய கருவி இருந்தும் 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸ் நாட்டு ஏபர்மியூல் என்னும் சிறு நிலையத்தில் விபரீதம் நிகழ்ந்தது. கருவிகள் கைகாட்டி அறையில் இல்லை. நிலையக் கட்டடத்தில், எவரும் தொடக்கூடிய இடத்தில் இருந்தன. நிலையத் தலைவர் விடுப்பில் இருந்ததால் மாற்று ஆள் பணியாற்றினார். எதிர்த்திசை விரைவு வண்டிக்கு நியூடவுன் பகுதி ஏற்கனவே கொடுக்கப்பட்டிருந்ததை அவர் அறியவில்லை. மாண்ட்கோமரியிலிருந்து வந்த சாதாரண வண்டியின் ஓட்டுநரிடம் தகட்டைப் பெற்ற பதின்வயதுப் பணியாளர், அதை மாற்று அதிகாரியிடம் கொடுத்தார். அடுத்த பகுதிக்கான தகடு என்று எண்ணி, அவர் அதையே ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுத்தார். ஓட்டுநரும் பொறிப்பைப் பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டது. சிறிது தொலைவில் நேர்ந்த மோதலில் 17 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் அந்த இரயில் நிறுவனத்தின் இயக்குநரே.

கருவி பிழை செய்யவில்லை. ஒரே பகுதிக்கு இரண்டு தகடுகளை அது தரவே இல்லை. பழைய தகடு இரண்டு பெரியவர்களின் கைகள் வழியே சென்றது. இருவரில் ஒருவர் அதிலிருந்த ஊர்ப்பெயரை வாசித்திருந்தால் போதும். கருவிகள் கைகாட்டிக்காரரின் தனிப்பொறுப்பில் இருக்கவேண்டும், உரிய தகடு எடுக்கப்பட்டாலன்றிப் புறப்பாட்டுக் கைகாட்டி இறங்கலாகாது என்னும் கருத்துகள் அதன் பின்னரே வலுப்பெற்றன.

எழுத்தைக் கற்பித்துப் பிழைப்பவன் நான். இரண்டே ஊர்ப்பெயர்கள் கொண்ட ஒரு வாசகத்தைப் படிக்காமல் கைமாற்றியதற்கு 17 உயிர்களை விலையாகக் கொடுத்த இந்த வரலாற்றை, அதனால்தான், எளிதில் கடந்துபோக முடியவில்லை. தினமும் கையில் வாங்கும் தாள்தான், தினமும் தொடும் பொருள்தான். பழகிவிட்டது என்பதாலேயே நாம் அதைப் பார்ப்பதில்லை.