மூளை உறை அழற்சி: அலட்சியப்படுத்தக் கூடாத எச்சரிக்கை அறிகுறிகள்

கோலார் தங்கவயல்: காய்ச்சலும் தலைவலியும் எல்லா வீடுகளிலும் வந்துபோகும் உபாதைகள்தான். ஆனால் காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொண்டாலோ, பேச்சில் தடுமாற்றமோ மயக்கமோ தென்பட்டாலோ, அது மூளை உறை அழற்சியாக இருக்கக்கூடும். ‘மெனிஞ்சைட்டிஸ்’ என மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நோய், சில வகைகளில் 24 மணி நேரத்திற்குள்ளாகவே உயிரைப் பறித்துவிடும். வேறு சில வகைகளில் வாரக்கணக்கில் மறைந்திருந்து மெல்லத் தாக்கும். தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத் தூசியோடும் காசநோயோடும் போராடி வந்த தங்கவயல் போன்ற ஊர்களில், இந்த இரண்டாவது வகையைப் பற்றிய விழிப்புணர்வு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 25 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகினர். ஏறத்தாழ 2 லட்சத்து 40 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். பாக்டீரியாவால் வரும் வகையில் ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார். ஐந்து பேரில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள் தங்கிவிடுகின்றன.

மூளை உறை அழற்சி என்றால் என்ன?

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் சூழ்ந்துள்ளன. அவற்றுக்கிடையே தண்டுவட நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கிருமிகள் இரத்தத்தின் வழியாகவோ, காது, மூக்கு, மண்டையோட்டுக் காயம் ஆகியவற்றின் வழியாகவோ இந்த நீரை அடையும்போது உறைகள் வீங்கி அழற்சி அடைகின்றன. மண்டையோட்டுக்குள் அழுத்தம் உயர்கிறது. தலைவலி, வாந்தி, நினைவு தடுமாற்றம் ஆகிய அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

தமிழில் ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு நோய்கள் குறிக்கப்படுவதால் குழப்பம் ஏற்படுகிறது. உறைகள் பாதிக்கப்பட்டால் அது மூளை உறை அழற்சி. மூளைத் திசுவே பாதிக்கப்பட்டால் அது மூளை அழற்சி. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளை அழற்சி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் 1955-இல் வேலூர் வட்டாரத்தில் முதன்முதலாக அறியப்பட்ட அந்நோய், 1970-களின் பிற்பகுதியில் கோலார் மாவட்டத்தில் கொள்ளைநோயாகவே பரவியது. இரண்டில் எதுவாயினும் வீட்டில் இருப்போர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்வது.

காரணங்கள் யாவை?

வைரஸால் வரும் வகை பரவலாகக் காணப்படுவது. பெரும்பாலும் தானே குணமாகிவிடும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் எனப்படும் ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி ஆகிய பாக்டீரியாக்களால் வருவது அவசரச் சிகிச்சை தேவைப்படும் வகை. மெனிங்கோகாக்கஸ் கிருமி 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் டெல்லியில் பெரிய அளவில் பரவியது குறிப்பிடத்தக்கது. எச்.ஐ.வி. தொற்று உள்ளோரிடம் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையும் இந்நோயை உண்டாக்குகிறது. இந்தியாவில் நாள்பட்ட மூளை உறை அழற்சிக்கு முதன்மையான காரணம் காசநோய்க் கிருமி.

தங்கவயலுக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு?

வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்களின் உழைப்பில் வளர்ந்தவை தங்கவயல் சுரங்கங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அங்கே பாறையைத் துளைத்தபோது எழுந்த சிலிக்காத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலில் படிந்து ‘சிலிக்கோசிஸ்’ என்னும் தொழில்நோயை உண்டாக்கியது. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. ஆயினும் நுரையீரலில் படிந்த தூசி வேலையோடு விடைபெறுவதில்லை. தூசியிலிருந்து விலகிய பிறகும் சிலிக்கோசிஸ் முற்றக்கூடும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நெடுநாள் இருமலைச் ‘சுரங்க இருமல்’ என்று எண்ணி முதியவர் ஒருவர் பரிசோதிக்காமல் விட்டுவிட்டால், நெருக்கமான லைன் வீடுகளில் அதே அறையில் உறங்கும் பேரக்குழந்தைக்குக் காசநோய்க் கிருமி தொற்றக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அக்கிருமி நுரையீரலோடு நிற்காமல் மூளை உறைகளை எட்டும் ஆபத்து மிகுதி. முதியவரின் இருமலுக்கும் குழந்தையின் மூளைக்கும் இடையே உள்ள தொடர்பு இதுதான்.

இவ்வூர் மக்களில் பலர் விடியற்காலையிலேயே மாரிக்குப்பம், உரிகம் ரயில் நிலையங்களிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பகல் முழுவதும் குழந்தையைக் கவனிப்பவர் தாத்தா, பாட்டி அல்லது அண்டை வீட்டார். எனவே எச்சரிக்கை அறிகுறிகளைப் பெற்றோர் மட்டுமின்றி அவர்களும் அறிந்திருப்பது அவசியம்.

பெரியவர்களிடம் காணப்படும் அறிகுறிகள்

காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு தடுமாற்றம் ஆகிய மூன்றும் இந்நோயின் முக்கிய அடையாளங்களாகக் கருதப்படுகின்றன. ஆனால் மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருப்பது தவறு. நெதர்லாந்தில் 696 நோய்நிகழ்வுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்றும் ஒருசேர இருந்தது 44 விழுக்காட்டினரிடம் மட்டுமே. தலைவலியையும் சேர்த்து நான்கில் ஏதேனும் இரண்டாவது இருந்தது 95 விழுக்காட்டினரிடம். ஆகவே கீழ்க்காண்பவற்றில் இரண்டு இருந்தாலே விரைந்து செயல்பட வேண்டும்.

• திடீரென வரும் கடும் காய்ச்சல்
• இதுவரை கண்டிராத அளவுக்குக் கடுமையான தலைவலி, வாந்தி
• தாடையை மார்போடு சேர்க்க முடியாத அளவுக்குக் கழுத்து விறைப்பு
• வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம்
• குழப்பமான பேச்சு, அளவு மீறிய தூக்கம், மயக்கம்
• வலிப்பு
• தோலில் ஊதா அல்லது கருஞ்சிவப்புப் புள்ளிகள்

கடைசி அறிகுறி மெனிங்கோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவியிருப்பதைக் காட்டக்கூடும். கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிகளின் மீது அழுத்தினாலும் அவை மறையாமல் இருந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. மாநிறத்திலும் கருநிறத்திலும் புள்ளிகள் எளிதில் தெரியா என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதேவேளை, புள்ளி இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

கைக்குழந்தைகளிடம் எப்படி அறிவது?

கைக்குழந்தையால் தலைவலியைச் சொல்ல இயலாது. கழுத்து விறைப்பும் பல நேரங்களில் தெரியாது. பால் குடிக்க மறுத்தல், கீச்சென்ற தொடர் அழுகை, தூக்கினால் இன்னும் அதிகமாக அழுதல், எழுப்பினாலும் விழிக்காமை, உடல் துவண்டு போதல், உச்சிக்குழி புடைத்திருத்தல், வலிப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்குக் காய்ச்சலுக்கு மாறாக உடல் சில்லிட்டும் போகலாம்.

மெல்லத் தாக்கும் காசநோய் வகை

காசநோய்க் கிருமியால் வரும் மூளை உறை அழற்சி ஓசையின்றித் தொடங்குகிறது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு விட்டுவிட்டு வரும் இலேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல், விளையாட்டில் நாட்டமின்மை, காரணமற்ற எரிச்சல் ஆகியவையே முதல் அடையாளங்கள். பிறகு தலைவலியும் காலை நேர வாந்தியும் வருகின்றன. அடுத்த கட்டத்தில் மாறுகண், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, மயக்கம் ஆகியவை தோன்றும். முதல் கட்டத்திலேயே சிகிச்சை தொடங்கினால் முழுமையாகக் குணமாகும் வாய்ப்பு அதிகம். மயக்க நிலையில் கொண்டுவரப்படுவோருக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இரண்டு வாரம் கடந்தும் தீராத காய்ச்சலோ தலைவலியோ இருந்தால், வீட்டில் யாருக்கேனும் காசநோயோ சிலிக்கோசிஸோ இருந்ததா என்பதை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

108 ஆம்புலன்ஸை அழைத்து, உள்நோயாளிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வலிப்பு வந்தால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் சாவியையோ இரும்பையோ திணிப்பதாலும் வாயில் நீர் ஊற்றுவதாலும் பயனில்லை; நீர் ஊற்றினால் மூச்சடைப்பு ஏற்படலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் நோயைக் குணப்படுத்தாமல் அறிகுறிகளை மட்டும் மங்கச் செய்யக்கூடும். பின்னர் கிருமியைக் கண்டறிவதும் கடினமாகிவிடும். மந்திரிப்பதற்காகச் செலவிடும் ஓர் இரவு, காப்பாற்றக்கூடிய உயிரை இழக்கச் செய்துவிடலாம்.

முதுகில் ஊசி: அச்சம் தேவையா?

இந்நோயை உறுதி செய்யும் பரிசோதனை, முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுப்பதாகும். ‘முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும்’ என்ற அச்சத்தால் பலர் இதற்குச் சம்மதிக்கத் தயங்குகின்றனர். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செலுத்தப்படுவது அதற்கும் கீழே உள்ள இடத்தில். எடுக்கப்படும் சில மில்லிலிட்டர் நீரை உடல் சில மணி நேரத்தில் மீண்டும் சுரந்துகொள்ளும். சிலருக்கு ஓரிரு நாள்கள் தலைவலி இருக்கலாம். மண்டையோட்டுக்குள் அழுத்தம் அதிகம் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் மருத்துவர்கள் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பர்.

அந்த நீரில் உள்ள வெள்ளணுக்கள், சர்க்கரை, புரதம் ஆகியவற்றின் அளவைக் கொண்டு நோய் எவ்வகை என்பது கணிக்கப்படுகிறது. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை சில மணி நேரத்தில் முடிவு தரும். எனினும் அதில் கிருமி தென்படவில்லை என்பதாலேயே காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறிகுறிகளை வைத்து மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம்.

சிகிச்சையும் பின்விளைவுகளும்

பாக்டீரியா வகைக்கு நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் மருந்துகள் உடனே செலுத்தப்படுகின்றன. காசநோய் வகைக்குக் கூட்டு மருந்துகளை 9 முதல் 12 மாதங்கள் வரை உட்கொள்ள வேண்டும். தொடக்க வாரங்களில் ஸ்டீராய்டு மருந்தும் சேர்க்கப்படுகிறது. உடல் தேறிவிட்டது என்று இடையில் நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. அரசின் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இம்மருந்துகள் இலவசம்.

காது கேளாமை, வலிப்பு, பார்வைக் குறைவு, கற்றல் குறைபாடு ஆகியவை பின்விளைவுகளாக வரக்கூடும். குறிப்பாக, குணமடைந்த குழந்தைக்கு நான்கு வாரங்களுக்குள் செவித்திறன் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

தடுப்பது எப்படி?

• பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, குழந்தைகளைக் காசநோய் மூளை உறை அழற்சியிலிருந்து பெருமளவு காக்கிறது.
• 6, 10, 14-ஆவது வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசி ஹிப் கிருமியைத் தடுக்கிறது.
• நிமோகாக்கஸ் தடுப்பூசி 6, 14-ஆவது வாரங்களிலும் 9-ஆவது மாதத்திலும் போடப்படுகிறது.
• மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி ஹஜ் பயணிகளுக்கும், சில நாடுகளுக்குக் கல்விக்காகச் செல்வோருக்கும் தேவைப்படுகிறது.
• நுரையீரல் காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்போரும் சிலிக்கோசிஸ் உள்ளோரும், தங்களுக்குக் காசநோய் இல்லை என உறுதியான பின், காசநோய்த் தடுப்பு மருந்து பெறத் தகுதியுடையோர். இதுபற்றி அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேட்டறியலாம்.

மூளை உறை அழற்சியை 2030-க்குள் கட்டுப்படுத்தும் செயல்திட்டத்தை உலகச் சுகாதார அமைப்பு 2021-இல் தொடங்கியது. அக்டோபர் 5 உலக மூளை உறை அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தங்கவயல் குடும்பங்களுக்கோ இந்த முயற்சி தாத்தாவின் நெடுநாள் இருமலுக்கு இந்த வாரமே சளிப் பரிசோதனை செய்வதிலிருந்து தொடங்குகிறது.

(பொறுப்புத் துறப்பு: இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே. அறிகுறிகள் தென்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுகவும்.)