சர் அமராவதி சேஷையா சாஸ்திரி (1828 – 1903)

சேஷையா சாஸ்திரி, சர் அமராவதி (1828 மார்ச் 22 – 1903 அக்டோபர் 29): சென்னை மாகாணத்து வருவாய் இலாகாவில் கீழ்நிலை உத்தியோகஸ்தராகப் புகுந்து, திருவிதாங்கூர், புதுக்கோட்டை என்னும் இரு சமஸ்தானங்களுக்குத் திவானாகவும், புதுக்கோட்டையின் இளவரசர் வயதடையும்வரை அந்நாட்டின் ரீஜென்டாகவும் விளங்கிய நிர்வாகி. தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த அமராவதி என்னும் சிற்றூரில் பிறந்தமையால் அவ்வூர்ப் பெயரே அவருடைய பெயரின் முன்னுறுப்பாக நிலைத்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அவருடைய உத்தியோக வாழ்க்கையில், நிலவரி, பொக்கிஷம், வரவு செலவுக் கணக்கு ஆகிய மூன்றுமே ஆதியந்தம் ஊடுருவி நின்றன.

சென்னையில் 1841-இல் தொடங்கப்பெற்று, பிற்பாடு பிரஸிடென்ஸி கல்லூரியாக வளர்ந்த உயர்தரப் பாடசாலையில், எயர் பர்ட்டன் பவல் என்னும் ஆசிரியரிடம் அவர் கல்வி பயின்றார். ஒரே ஆசிரியரின் நிழலில் பயின்ற மாணாக்கர் இத்தனை பேர் ராஜ்ய பாரம் தாங்கிய வரலாறு நம் நாட்டில் அபூர்வம் என்றே சொல்லவேண்டும். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களில் திவானாக இருந்து புகழ் பெற்ற ராஜா சர் டி. மாதவராவும், பின்னாளில் திருவிதாங்கூர்த் திவானான வி. ராமையங்காரும் பவலிடம் பயின்றவர்களே. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் தெளிந்த பயிற்சி பெற்ற இவ்விளைஞர்களுக்கு, ஐ.சி.எஸ். உத்தியோகத்தின் வாயில் அக்காலத்தில் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தபடியால், சமஸ்தானங்களே அவர்களுடைய முழுத் திறமைக்கும் இடமளித்த களங்களாயின.  

1848-இல் கல்வியை முடித்த சேஷையா சாஸ்திரி வருவாய் இலாகாவில் சேர்ந்தார். வட சர்க்கார் எனப்பட்ட தெலுங்கு ஜில்லாக்களில், சிறப்பாக மசூலிப்பட்டணத்தில், சிரஸ்தார் முதலிய பதவிகளை வகித்து, பின்னர்ச் சென்னை ரெவின்யூ போர்டின் தலைமைச் சிரஸ்தாராக உயர்ந்தார். சிரஸ்தார் என்பவர் வெறும் எழுத்தர் அல்லர். கலெக்டர்கள் வருவார்கள், போவார்கள். ஜில்லாவின் சாகுபடி, இனாம், ஜமாபந்தி, பாக்கி, வஜா ஆகிய யாவும் சிரஸ்தாருடைய ஞாபகத்திலும் அவருடைய தஸ்தாவேஜுக் கட்டுகளிலுமே தங்கியிருந்தன. இருபதாண்டுகளுக்கு மேல் இப்பயிற்சியில் ஊறிய ஒருவர், நிலத்தைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் அதன் விளைவையும் தீர்வையையும் மதிப்பிடும் ஆற்றல் பெறுவது இயல்பேயாம்.

1872-இல் மாதவராவ் திருவிதாங்கூர்த் திவான் பதவியினின்றும் விலகவே, ஆயில்யம் திருநாள் மகாராஜா சேஷையா சாஸ்திரியைத் திவானாக நியமித்தார். 1877 வரை அவர் அப்பதவியில் இருந்தார். முன்னவர் வகுத்த திட்டங்கள் செழித்து நின்ற நாட்டில் பின்வருபவருடைய உழைப்பு பேரொளி வீசுவது அரிது. எனினும், அச்சமஸ்தானத்தின் முறையான முதல் ஜனக் கணிதம் 1875-இல் இவருடைய ஆட்சியிலேதான் நடைபெற்று, ஜனத்தொகை 23,11,379 என்று கணிக்கப்பட்டது. எத்தனை குடிகள் என்பதை அறியாமல் எத்தனை வரி என்று நிர்ணயிப்பது பேதைமை என்பதை நன்குணர்ந்த ஒரு நிர்வாகியின் காலத்தில் இக்கணக்கு எடுக்கப்பட்டது பொருத்தமே.

திருவிதாங்கூரை விட்டு அகன்ற மறு ஆண்டிலேயே, அதாவது 1878-இல், அவருடைய வாழ்க்கையின் தலையாய பகுதி தொடங்கியது. சுமார் 1,200 சதுர மைல் பரப்பே உடைய புதுக்கோட்டைச் சமஸ்தானம், தமிழ் பேசும் நாட்டின் நடுவே, நாற்புறமும் பிரிட்டிஷ் ஜில்லாக்களால் சூழப்பட்டு நின்ற தொண்டைமான்களின் ராஜ்யமாகும். அதன் அரசர் ராமச்சந்திரத் தொண்டைமான் இளம் பருவத்திலேயே 1839-இல் பட்டத்துக்கு வந்தவர். அரண்மனைச் செலவும் கடனும் வரவை விஞ்சிப் பெருகினமையால், 'எக்ஸலென்ஸி' என்ற கௌரவ விருதைச் சென்னை அரசாங்கம் 1859-இல் பறித்துக்கொண்டதும், அடிக்கடி கண்டனக் கடிதங்கள் வந்தவண்ணம் இருந்ததும் அந்நாட்டு வரலாற்றின் துயரமான ஏடுகள். போதாக்குறைக்கு, தென்னிந்தியாவையே உலுக்கிய 1876–78-ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம், கண்மாய்களையும் வானத்தையும் நம்பி வாழ்ந்த இப்பூமியையும் வாட்டியிருந்தது. இந்நிலையிலேதான் சேஷையா சாஸ்திரி பொறுப்பேற்றார். சர்க்கேல் என்று முன்பு வழங்கிய தலைமை அமாத்தியர் பதவி, திவான் என்னும் பெயரைப் பெற்றதும் இவர் காலத்திலேயாகும்.

அவர் செய்தனவற்றுள் முதன்மையானது அமானி முறையை ஒழித்ததேயாகும் என்பது எமது துணிபு. நகரத்தின் கட்டடங்களைக் கண்டு அவரைப் புகழ்வோர் பலர் உளர். ஆனால் குடியானவனுடைய வாழ்வைத் தொட்டது இச்சீர்திருத்தமே. அமானி என்பது விளைச்சலை அரசும் குடியும் களத்திலேயே பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது நியாயமாகவே தோன்றும்: விளைந்தால் இருவருக்கும் உண்டு, விளையாவிட்டால் இருவருக்கும் இல்லை. நடைமுறையிலோ, கதிர் முற்றி நின்றாலும் சர்க்கார் ஆள் வந்து பார்த்து உத்தரவு கொடுக்கும்வரை அரிவாளை வைக்க முடியாது. அறுத்த பின்பும், அளக்க ஆள் வரும்வரை நெல் களத்திலேயே மழையிலும் பனியிலும் கிடக்கவேண்டும். குவியலின்மேல் இட்ட குறி கலையாதிருக்கக் காவல் வேண்டும். அந்தக் காவலுக்கும், அளவுக்கும், கணக்குப்பிள்ளையின் எழுத்துக்கும் குடியானவனே தன் பங்கிலிருந்து படியளக்க வேண்டும். அரசின் பங்காகிய மேல்வாரமாக வந்த நெல்லோ, களத்திலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து களஞ்சியத்துக்கும், களஞ்சியத்திலிருந்து வியாபாரிக்கும் செல்லும் ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே போய், பொக்கிஷத்தில் ரூபாயாக வந்து விழும்போது அதன் உருவே மாறிப்போயிருக்கும். குடியும் இழந்தான், அரசும் இழந்தது, இடையில் நின்றவர்களே கொழுத்தார்கள். மசூலிப்பட்டணத்திலும் ரெவின்யூ போர்டிலும் கணக்குக் கட்டுகளோடு காலம் கழித்த சாஸ்திரிக்கு இந்த ஒழுகல் எங்கெங்கே நிகழும் என்பது நன்றாகத் தெரியும். ஆகவே, நிலத்தின் தரத்துக்கும் சராசரி விளைவுக்கும் ஏற்ப ரொக்கத் தீர்வையை நிர்ணயித்து, அதைச் செலுத்தியபின் விளைச்சல் முழுவதும் உழுதவனுக்கே என்ற ஏற்பாட்டை அவர் கொண்டுவந்தார்.

ரொக்கத் தீர்வைக்கும் ஒரு கொடிய பக்கம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பங்குமுறையில் வறட்சியின் நஷ்டத்தை அரசும் சுமந்தது. ரொக்கமுறையில், மழை பொய்த்தாலும் கிஸ்தி நாள் பொய்க்காது. நெல் விலை சரிந்த ஆண்டில் அதே தொகைக்கு அதிக நெல்லை விற்க நேரும். இக்குறையை ஈடு செய்ய வேண்டுமானால் நீர்நிலைகள் செம்மையாக இருந்தாக வேண்டும். வெள்ளாறு ஒன்றைத் தவிரப் பேராறு எதையும் காணாத புதுக்கோட்டையில், ஆயிரக்கணக்கில் பரந்துகிடக்கும் கண்மாய்களும் ஏந்தல்களுமே விவசாயத்தின் உயிர்நாடி.

இரண்டாவது பெருஞ்செயல் 1888-ஆம் ஆண்டின் இனாம் செட்டில்மென்ட் ஆகும். புதுக்கோட்டை ராஜ்யம் போர்வீரர்களின் ராஜ்யமாகத் தோன்றியது. ஆதலால் சேர்வைக்காரர் எனப்பட்ட படைத்தலைவர்களுக்கும் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட அமரகாரர் எனப்பட்ட வீரர்களுக்கும், கோயில்களுக்கும் பிராமணர்களுக்கும், அரண்மனை ஊழியர்களுக்கும், கிராமத்துத் தொழிலாளர்களுக்குங்கூட நிலங்கள் மானியமாக அளிக்கப்பட்டிருந்தன. சாகுபடிக்குரிய நிலத்தின் பெரும்பகுதி இவ்வாறு வரியற்றோ குறைந்த வரியோடோ கிடந்ததெனில், பொக்கிஷம் வறண்டதற்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டுவதில்லை. போர்கள் ஓய்ந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்பும், போருக்காகக் கொடுத்த நிலம் போர்ச் சேவைக்குரியதாகவே ஏட்டில் இருந்தது. சாஸ்திரி இம்மானியங்களை ஆராய்ந்து, பயனற்றுப்போன சேவைக் கடமையை நீக்கி, அதற்கு ஈடாக ஒரு வரியை விதித்து, நிலத்தை அனுபவிப்பவருக்கே உரிமையாக்கினார். புதுக்கோட்டையைப் பற்றி 1987-இல் விரிவான நூல் எழுதிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிக்கோலஸ் டர்க்ஸ், அரசனுடைய கொடையாகவும், அக்கொடையால் விளைந்த உறவாகவும் இருந்த நிலம், இத்தகைய நடவடிக்கைகளால் வெறும் சொத்தாக மாறியது என்றும், அதனால் பழைய ராஜ்யத்தின் உள்ளுயிரே தேய்ந்தது என்றும் வாதிக்கிறார். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், ஒருவன் உழும் நிலம் அரண்மனையின் தயவால் இன்று உண்டு, நாளை இல்லை என்ற நிலையைக் காட்டிலும், கையில் பட்டாவோடு இருக்கும் நிலையையே அந்த உழவன் விரும்பியிருப்பான் என்று கருதுவதில் தவறில்லை.

பழைய ராஜ்யத்தின் பக்தியை அவர் அலட்சியம் செய்தவரும் அல்லர். தொண்டைமான்களின் குலதெய்வம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். சதாசிவப் பிரமேந்திரர் திருவரங்குளத்துக் காட்டில் விஜய ரகுநாதத் தொண்டைமானுக்கு மணலில் எழுதி உபதேசித்தார் என்றும், அது முதலே நவராத்திரி விழா சிறப்புற்றது என்றும் கர்ண பரம்பரை கூறும். அவ்விழாவில் அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட சிறு செப்பு நாணயமே அம்மன் காசு: ஒருபுறம் பிரகதாம்பாளின் உருவம், மறுபுறம் தெலுங்கு லிபியில் 'விஜய' என்னும் சொல். ஓர் அணாவுக்கு இருபது காசு, ஆகவே ஒரு ரூபாய்க்கு 320 காசு என்பது மதிப்பு. பிரிட்டிஷ் நாணயம் எங்கும் பரவிவிட்ட காலத்தில் இக்காசை அடியோடு நிறுத்திவிடுவதே எளிய வழியாக இருந்திருக்கும்; சாஸ்திரியின் ஆட்சியிலோ, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து அக்கசாலையில் யந்திரத்தால் அச்சடிக்கச் செய்து ஒரே சீரான அம்மன் காசைப் புதுக்கோட்டை பெற்றது. கடைத்தெருவில் பாக்கும் புகையிலையும் வாங்கும் ஏழைக்குச் சில்லறை எவ்வளவு அத்தியாவசியம் என்பதை உணர்ந்த பொக்கிஷக்காரருக்கே இவ்வெண்ணம் தோன்றும். அரசர் தம்மைப் பிரகதாம்பாளின் தாசரென்று குறித்துக்கொள்ளும் வழக்கமும் இக்காலத்தில் வேரூன்றியது.

1886-இல் ராமச்சந்திரத் தொண்டைமான் காலமானார். அவருடைய மகள்வழிப் பேரரும் சுவீகார புத்திரருமான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்கு அப்போது பதினோராம் பிராயமே நடந்துகொண்டிருந்தது. அவ்விளைஞர் பிராயமடையும்வரை எட்டாண்டுகள் சேஷையா சாஸ்திரியே திவான் ரீஜென்டாக நாட்டை ஆண்டார். இன்று பொது அலுவலக வளாகம் என வழங்கும் கச்சேரிக் கட்டடம், நேர்கோடாய் வகுத்த வீதிகளுக்கு நடுவே ஓங்கி நிற்பது, அவருடைய காலத்துக் கைங்கரியம். நகரத்தின் பல்லவன்குளமும் புதுக்குளமும் செப்பனிடப்பட்டுக் குடிநீருக்குப் பயன்பட்டன. 1857-இல் தொடங்கிய இலவச ஆங்கிலப் பாடசாலை 1891-இல் கல்லூரியாக உயர்ந்தது. கடனில் மூழ்கிய நாட்டில் இவையெல்லாம் கடனின்றி எழுந்தன என்றால், அது களத்து நெல்லைக் கணக்கேட்டு ரூபாயாக ஆக்கிய அம்முந்தைய உழைப்பின் பலனேயாகும்.

1894 நவம்பர் 27-ஆம் நாள் மார்த்தாண்ட பைரவர் முழு ஆட்சி உரிமை பெற்றார். அதே ஆண்டில் ஓய்வு பெற்ற சாஸ்திரி கும்பகோணம் சென்று வாழ்ந்தார். 1878-இல் சி.எஸ்.ஐ. விருதைப் பெற்றிருந்த அவருக்கு, 1902-இல் கே.சி.எஸ்.ஐ. பட்டமும் அதன்வழி 'சர்' என்னும் அடைமொழியும் கிடைத்தன. அவ்வாண்டிலேயே பி. வி. காமேசுவர ஐயர் எழுதிய அவருடைய ஜீவிய சரித்திரமும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தம் சரித்திரத்தைத் தாமே வாசிக்கும் பேறு பெற்ற சில நிர்வாகிகளுள் அவரும் ஒருவர். மறு ஆண்டு, 1903-இல், எழுபத்தைந்தாம் வயதில் அவர் காலமானார். ரொக்கத் தீர்வையையும் இனாம் செட்டில்மென்டையும் அடிப்படையாகக் கொண்ட நில வருவாய் ஏற்பாடு, பின்வந்த திவான்கள் காலத்தில் நில அளவையோடு விரிந்து, 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாகும்வரை நடைமுறையில் இருந்தது. அப்பகுதி 1974 ஜனவரி 14-ஆம் நாள் முதல் புதுக்கோட்டை மாவட்டமாக விளங்குகிறது.