சொந்த ஊர் சந்திரகிரி பக்கம், தொகுதியோ குப்பம்: எண்களில் சந்திரபாபு நாயுடுவின் அரசியல் பயணம்

சந்திரபாபு நாயுடுவின் சொந்த ஊர் திருப்பதி பக்கத்தில் உள்ள நாராவாரிப்பள்ளி. ஆனால் 1989-லிருந்து அவரை சட்டமன்றத்துக்கு அனுப்புவது தமிழ்நாடு, கர்நாடக எல்லையை ஒட்டிய குப்பம். ஏன்?

தொடக்கம் எங்கே?

திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் படித்த நாயுடு, 1978-ல் சந்திரகிரி தொகுதியில் ஜெயித்தார். அப்போது அவர் இருந்தது காங்கிரஸில். 28 வயதில் எம்எல்ஏ, 1980-ல் அமைச்சர்.

1982-ல் என்.டி. ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். நாயுடு அவருடைய மருமகன்தான். ஆனாலும் 1983-ல் காங்கிரஸ் வேட்பாளராகவே நின்றார். சொந்த ஊரிலேயே, மாமனார் கட்சியிடம் தோற்றார். அதன் பிறகுதான் தெலுங்கு தேசத்துக்கு வந்தார். 1989-ல் குப்பத்துக்கு மாறினார்.

முதல்வர் ஆனது எப்படி?

1995-ல் கட்சி எம்எல்ஏக்களில் பெரும்பாலானோர் நாயுடு பக்கம் போனார்கள். மாமனார் பதவி இழக்க, செப்டம்பர் 1 அன்று மருமகன் முதல்வரானார்.

எண்கள் என்ன சொல்கின்றன?

தெலுங்கு தேசம் வென்ற இடங்கள்:

1999: 294-ல் 180
2004: 294-ல் 47
2009: 294-ல் 92
2014: 175-ல் 102 (மாநிலப் பிரிவினைக்குப் பின்)
2019: 175-ல் 23
2024: 175-ல் 135

2003 அக்டோபர் 1 அன்று திருப்பதி அலிபிரியில் கண்ணிவெடித் தாக்குதலில் உயிர் தப்பினார். அனுதாப அலை வீசும் என்ற கணக்கு 2004-ல் பலிக்கவில்லை.

2023 செப்டம்பரில் திறன் மேம்பாட்டுக் கழக வழக்கில் கைதாகி, அக்டோபர் 31 வரை சிறையில் இருந்தார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அடுத்த ஜூனில் நான்காவது முறையாக முதல்வரானார்.

சந்திரகிரியும் குப்பமும்

இங்கேதான் கொஞ்சம் கவனிக்கணும். 1999 முதல் 2019 வரை ஐந்து தேர்தல்களிலும் சந்திரகிரியில் தெலுங்கு தேசம் ஜெயிக்கவே இல்லை. கட்சி ஆட்சியைப் பிடித்த 1999, 2014-லும் அதே கதைதான். 2024-ல்தான் மாறியது.

குப்பமோ எட்டு முறை தொடர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆனாலும் 2014-ல் சுமார் 47 ஆயிரமாக இருந்த வித்தியாசம் 2019-ல் சுமார் 30 ஆயிரமாகச் சரிந்தது. 2024-ல் மீண்டும் 48 ஆயிரம்.

அதாவது, மாநிலத்தில் வீசும் காற்று குப்பத்துக்கும் வந்து சேருகிறது. அடுத்த தேர்தலில் ஆந்திராவின் மனநிலை தெரியணும் என்றால், யார் ஜெயித்தார் என்பதோடு குப்பத்தின் வித்தியாசத்தையும் பாருங்கள்.